விலை குறையும், பசி குறையாது

உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் எதிர் வீட்டில், எதிர் வீட்டிலும் இல்லாவிட்டால் சித்தப்பா வீட்டில், ஒரு பையனோ பெண்ணோ இந்த நேரத்தில் அமெரிக்காவில் எம்.எஸ். படித்துக்கொண்டிருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. போன முதல் மாதம் ரைஸ் குக்கர் பற்றிப் பேசுவார்கள். அடுத்து குளிர். அதற்கடுத்து கார். நியாயம்தான். நியூயார்க், பாஸ்டன், சிகாகோ மாதிரி சில ஊர்களை விட்டால் அங்கே கார் இல்லாமல் பால் வாங்கி வருவதே பெரும்பாடு.

அதனால் கார் என்றதும் இங்கே யாரும் பதறுவதில்லை. பழைய டொயோட்டா கரோலா, பழைய ஹோண்டா சிவிக் என்று வண்டிகள் உண்டு. படிப்பு முடிந்து போகிற சீனியர் ஜூனியர் தலையில் கட்டிவிட்டுப் போவார். பையன் ஸ்போர்ட்ஸ் கார் கேட்கும்போதுதான் வீட்டில் பிரஷர் ஏறும்.

என் அக்கா மகன் கேட்டான். டல்லாஸ் பக்கம் படிக்கிறான். கேம்பஸில் வேலை பார்த்ததும், கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போனதுமாகச் சேர்த்தது எட்டாயிரம் டாலர். வாட்ஸப்பில் மூன்று போட்டோ அனுப்பினான். மாஸ்டா ஆர்எக்ஸ்-8, போர்ஷே பாக்ஸ்டர், மாஸ்டா மியாட்டா. மூன்றும் பழசு. மூன்றும் அவன் பட்ஜெட்டுக்கு அக்கம்பக்கம். "மாமா, இந்த மூணுல எது ஓகே?"

பத்தே நிமிஷத்தில் அக்காவின் போன். "டேய், ஸ்போர்ட்ஸ் காராம்டா. வீட்டு மேல லோன் போட்டு அனுப்பியிருக்கோம். நீயாவது அவனுக்கு எடுத்துச் சொல்லு."

நான் கார் நிபுணன் இல்லை. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்பது பாதி மெக்கானிக் சமாசாரம், பாதி கணக்கு வழக்கு. கணக்குப் பாதியை நாம் பார்க்கலாம், வாருங்கள்.

பி.காம். முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் வந்துவிடும். மிச்சமிருக்கும் மதிப்பில் வருடா வருடம் இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே வர வேண்டும். நாற்பதாயிரம் டாலர் கார் இருபதாயிரமாகி, பத்தாயிரமாகி, ஒரு நாள் நம் அக்கா மகன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நிற்கும். அவனுக்குக் கண் மின்னும். 'போர்ஷே மாமா! வெறும் எட்டாயிரம்!'

இங்கேதான் கவனம் வேண்டும். லெட்ஜரில் தேய்வது காரின் விலை மட்டும்தான். காரின் பசி தேய்வதில்லை. தன் விலை எட்டாயிரம் ஆகிவிட்டது என்பது அந்த காரின் பிரேக் டிஸ்க்குக்குத் தெரியாது. நாற்பதாயிரம் டாலர் காருக்கு என்ன பிரேக் டிஸ்க் போடுவார்களோ அதைத்தான் போட வேண்டும். கிளட்சும் அப்படியே. மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்குக் கேட்கிற கூலியும் வண்டியின் பேரைப் பார்த்துத்தான்.

ஆகவே பழைய கார் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இன்று என்ன விலை?' அல்ல. 'புதிதாக இருந்தபோது என்ன விலை?' ரிப்பேர் பில் அந்த விலையை ஒட்டித்தான் வரும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று வண்டிகளையும் பார்ப்போம்.

போர்ஷே பாக்ஸ்டர். 1996-ல் வந்தது. அமெரிக்காவில் அப்போதே ஏறக்குறைய 40,000 டாலர். இன்ஜின் டிரைவருக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கண்ணிலேயே படாமல் உட்கார்ந்திருக்கும். ஓட்டிப் பார்த்தவர்கள் சொக்கிப்போகிறார்கள். ஆனால் முதல் தலைமுறை பாக்ஸ்டரின் இன்ஜினுக்குள் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று இருக்கிறது. எல்லா வண்டியிலும் போவதில்லை. போனால் இன்ஜினையே முழுங்கிவிட்டுப் போகும். விவரம் தெரிந்தவர்கள் கிளட்ச் மாற்ற கியர் பாக்ஸை இறக்கும்போதே அதையும் மாற்றிவிடுகிறார்கள். மாற்றியதற்கு ரசீது இல்லாத பாக்ஸ்டர், மாணவன் தொடக்கூடிய வண்டி இல்லை.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8. 2003-லிருந்து 2012 வரை தயாரானது. இன்ஜின் வெறும் 1.3 லிட்டர். நம்ம ஊர் மாருதி எஸ்டீமில் இருந்த அதே அளவு. ஆனால் மேனுவல் கியர் வண்டியில் 230 குதிரை சக்திக்கு மேல் கிடைக்கும். எப்படி? இது ரோட்டரி இன்ஜின். பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் உள்ளே சுழலும். முக்கோணத்தின் முனைகளில் இருக்கும் சீல்கள் நனைய வேண்டும் என்பதற்காக, இன்ஜின் தானாகவே கொஞ்சம் ஆயிலை எரித்துக்கொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. அதனால் ஓட்டுகிறவர் அடிக்கடி ஆயில் அளவு பார்த்து ஊற்ற வேண்டும். முந்தைய ஓனர் ஊற்றாமல் விட்டிருந்தால் சீல் தேய்ந்து கம்ப்ரஷன் போய்விடும். மாஸ்டாவே அமெரிக்காவில் இந்த இன்ஜினுக்கான வாரண்டியை 8 வருடம், 1,00,000 மைல் என்று நீட்டிக் கொடுத்தது. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. மைலேஜ், நகரத்துக்குள் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்கூட வராது. ஆர்எக்ஸ்-8 ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று இப்போது புரிந்திருக்குமே!

மூன்றாவது, மியாட்டா. எம்எக்ஸ்-5 என்றும் சொல்வார்கள். இதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இது ஒரு பத்திரிகைக்காரர் வாயைத் திறந்ததால் பிறந்த கார். 1970-களின் கடைசியில் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோ, பாப் ஹால் என்ற அமெரிக்க கார் பத்திரிகையாளரிடம் நாங்கள் அடுத்து என்ன கார் செய்யலாம் என்று பேச்சுவாக்கில் கேட்டார். 'பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி, மேல்கூரையை மடக்கிவிட்டுக் காற்றோட்டமாகப் போகிற சின்ன வண்டி' என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார் மனுஷன். பிற்பாடு மாஸ்டாவிலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டார். 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் மியாட்டா வந்து இறங்கியது. இதில் ஒரு வேடிக்கை. மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜினை உருவாக்கிய குழுவுக்குத் தலைவரும் இதே யமமோட்டோதான்.

முதல் மியாட்டாவின் சக்தி 116 குதிரை. இன்றைய சாதாரணக் குடும்ப காரில் இதைவிட அதிகம் இருக்கிறது. பின் ஏன் கொண்டாடுகிறார்கள்? எடை. மொத்த வண்டியும் ஒரு டன்னுக்குள். உங்களுக்கு யமஹா ஆர்எக்ஸ் 100 ஞாபகம் இருக்கிறதா? 1985-லிருந்து 1996 வரை வந்தது. 98 சிசி, 11 குதிரை. காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வண்டி வெறும் நூறு கிலோ சொச்சம் என்பதால் கையைத் திருகியதும் துள்ளும். மியாட்டாவும் அந்த ஜாதிதான். எடை குறைவு என்றால் டயர், பிரேக், பெட்ரோல் எல்லாமே குறைவாகத் தேயும். புதிதாக வந்தபோது விலையும் 13,800 டாலர்தான். ஆகவே நம் கணக்குப்படி ரிப்பேர் பில்லும் சின்னது. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் இவ்வளவு விற்ற கார் உலகத்தில் வேறு கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை.

'அப்போ மியாட்டாதான் மாமா!' என்று அவன் துள்ளினான். இருப்பா, தினசரி ஓட்டுகிற வண்டியாச்சே என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிற வண்டி வேறு, தினமும் ஓட்டுகிற வண்டி வேறு. மியாட்டாவில் இரண்டே சீட். இந்தியன் ஸ்டோரில் வாங்கிய இருபது பவுண்டு அரிசி மூட்டையைப் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கூட்டி வரலாம். ஆனால் ஊரிலிருந்து வருகிற அம்மாவையும் அவர் கொண்டுவரும் இரண்டு 23 கிலோ பெட்டிகளையும் ஏர்போர்ட்டிலிருந்து எப்படி அழைத்து வருவாய்? (ரூம்மேட்டுகளுக்கெல்லாம் இலவச டாக்ஸியாக இருக்க வேண்டியதில்லை என்பதும் இதே காரணத்தால் கிடைக்கும் ஒரு லாபம்.) துணிக்கூரை வேறு. டெக்ஸாஸில் ஆலங்கட்டி மழை எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

இதெல்லாம் சௌகரியம் பற்றிய பேச்சு. பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு வார்த்தை தெரியாமல் போனில் கேட்டதும் அதைத்தான். வண்டி வழுக்கித் திரும்பப் பார்க்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் போட்டு நேராக்குகிற எலெக்ட்ரானிக் ஏற்பாடு ஒன்று உண்டு. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்பார்கள். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து எல்லா கார்களிலும் இது கட்டாயம். அதற்கு முந்தைய பல ஸ்போர்ட்ஸ் கார்களில் கிடையாது, அல்லது காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும். இருபத்திரண்டு வயது, பின் சக்கரம் தள்ளும் வண்டி, மழை பெய்த ஹைவே. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும்போது அந்த எலெக்ட்ரானிக் பெட்டி இருக்கிறதா இல்லையா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2012-க்குப் பிந்தைய வண்டியாகப் பார் என்று சொல்லிவிட்டேன். இதில் மட்டும் பேரம் கிடையாது.

2012-க்குப் பிந்தைய நல்ல மியாட்டா எட்டாயிரத்துக்குச் சுலபத்தில் அகப்படாது. அப்புறம் என்னதான் வழி?

வழி இருக்கிறது. ஹாட் ஹேட்ச் என்று ஒரு வகை. பார்க்க சாதுவான குடும்ப வண்டி. உள்ளே கொஞ்சம் பெரிய மனசு. நாலு பேர் உட்காரலாம், பின்கதவைத் திறந்து பெட்டிகளைத் திணிக்கலாம். ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி என்று ஒன்று 2014 மாடலிலிருந்து 2019 மாடல் வரை அமெரிக்காவில் விற்றார்கள். ஃபியஸ்டா என்றதும் உங்களுக்கு மறைமலை நகர் ஞாபகம் வரும். பேர்தான் அது. இந்த வண்டி மெக்சிகோவில் செய்தது. 1.6 லிட்டர் டர்போ, 197 குதிரை. சாதாரண ஃபியஸ்டாவின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் அமெரிக்காவில் பெரும் தலைவலியாகி வழக்கு வரை போனது. எஸ்டியில் மேனுவல் கியர் மட்டும்தான் என்பதால் அந்தத் தலைவலி இதற்கு இல்லை. மேனுவல் ஓட்டத் தெரிந்தவர்கள் அமெரிக்காவில் குறைவு, அதனால் வாங்க வருகிறவர்களும் குறைவு. திருச்சியில் மாருதியில் கியர் போட்டுப் பழகிய பையனுக்கு அது சாதகம். என்ன, கியரை வலது கையால் மாற்றப் பழக வேண்டும்.

மாடலைத் தேர்ந்தெடுத்தாச்சு. அந்த மாடலில் எந்த வண்டி? உண்மையான ஆபத்து இங்கேதான் ஆரம்பம்.

நாம் புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அமெரிக்காவில் மோசமான வண்டியையே எலுமிச்சை என்கிறார்கள். லெமன். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் இந்த எலுமிச்சையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதை முதலில் பல பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. கடைசியில் 2001-ல் அதற்காக நோபல் பரிசே கொடுத்தார்கள். (திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை வைத்திருப்பவர்கள் ஆறுதல் அடைக.) அவர் சொன்னது இதுதான். பழைய காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவன் பயந்து ஒரு சராசரி விலைதான் சொல்வான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அந்த விலை கட்டாது, விற்காமல் போய்விடுவான். சொத்தை வண்டி வைத்திருப்பவன் சந்தோஷமாக விற்பான். கடைசியில் சந்தையில் எலுமிச்சைதான் மிஞ்சும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அதை வாங்கியவன் மெதுவாக ஓட்டவா வாங்கியிருப்பான்? ஆகவே காரைப் பார்ப்பதற்கு முன்னால் விற்கிற ஆளைப் பாருங்கள். ஒரே ஓனர், நடுத்தர வயதைத் தாண்டியவர், சர்வீஸ் ரசீதுகளை ஃபைல் போட்டு வைத்திருப்பவர் என்றால் பாதி நிம்மதி. சைலன்சரை மாற்றி, ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தி, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

அடுத்து, வின் நம்பர். ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணுமாக ஒன்று உண்டு. அதை வைத்து வண்டியின் ஜாதகத்தையே எடுக்கலாம். விபத்து, வெள்ளம், எத்தனை கை மாறியது எல்லாம் பெரும்பாலும் வந்துவிடும். 'சால்வேஜ்' என்று இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியே கைகழுவிய வண்டி. டீலரிடம் வாங்கினால் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது 1985-லிருந்து சட்டம். அதில் 'அஸ் இஸ்' என்று இருந்தால், வாசலைத் தாண்டியதும் ரிப்பேர் உங்கள் தலையில்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று பானட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த இன்ஜின் போடுகிற சத்தத்தை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டயரின் பக்கவாட்டில் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. நாலு டயரும் நாலு கம்பெனியாக இருந்தால், வண்டியைப் பார்த்துக்கொண்ட லட்சணம் தெரிந்துவிடும். 1996 மாடலிலிருந்து அங்கே எல்லா காரிலும் கம்ப்யூட்டரில் கோளாறு பார்க்கும் பிளக் உண்டு. சின்ன ஸ்கேனரைச் சொருகினால் கோளாறு மட்டுமல்ல, நேற்று ராத்திரி யாராவது கோளாறை அழித்துவிட்டு வந்தார்களா என்பதும் தெரியும்.

இத்தனையும் பார்த்த பிறகு, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்ட வேண்டும். நூறு, இருநூறு டாலர் ஆகும். அக்கா மகன் ஆசைப்பட்ட முதல் ஃபியஸ்டாவை அப்படிக் காட்டினான். முன்பக்கம் இடிபட்டு, ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடித்த வண்டி என்று சொல்லிவிட்டார். ஜாதகத்தில் அது பதிவாகவே இல்லை. "நூத்தைம்பது டாலர் தண்டம்" என்றார் அக்கா. தண்டமா? அந்த எட்டாயிரத்தில் அவன் செலவழித்த முதல் உருப்படியான காசு அது என்றேன்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் பிரீமியம் எகிறும். அமெரிக்காவில் ஓட்டிய சரித்திரம் இல்லை என்றால் இன்னும் எகிறும். பல மாநிலங்களில் கடன் வரலாறு பார்த்தும் விலை வைக்கிறார்கள், டெக்ஸாஸிலும்தான். நல்ல மார்க் வாங்குகிற மாணவனுக்குப் பல கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன, கேட்டு வாங்க வேண்டும். வண்டியை வாங்குவதற்கு முன்பே வின் நம்பரைக் கொடுத்துப் பிரீமியம் கேட்கலாம். அவன் கேட்டபோது, விலையில் மலிவான வண்டி பிரீமியத்தில் மலிவாக இல்லை.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சட்டம் சொல்கிற குறைந்தபட்சத்தோடு நிற்கக்கூடாது. டெக்ஸாஸில் எதிராளி ஒருவருக்குக் காயம் பட்டால் குறைந்தபட்சப் பாலிசி கொடுப்பது 30,000 டாலர் வரைதான். அமெரிக்க ஆஸ்பத்திரி பில் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று தெரியும். மீதிக்கு வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியது, எட்டாயிரம் டாலருக்குக் கார் வாங்கிய மாணவன்.

ஆகவே கணக்கு இப்படி: எட்டாயிரம் இருந்தால் எட்டாயிரத்துக்குக் கார் வாங்கக் கூடாது. ஆறாயிரத்துக்கு வாங்கு. ஆயிரம், முதல் மாதமே மாற்ற வேண்டிய டயருக்கும் பெல்ட்டுக்கும் பேட்டரிக்கும். மிச்சம் ஆயிரம், இன்ஷூரன்ஸைத் தொடங்க. ஆறாயிரத்துக்கு நல்லது கிடைக்கவில்லை என்றால் இன்னும் நாலு மாதம் பஸ்ஸில் போ. அவசரக்காரனைத் தேடித்தான் எலுமிச்சை உருண்டு வரும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் இப்படி போட்டோ அனுப்பலாம். எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் உங்களிடம் கேட்காமல் வாங்கிவிடுவார்கள், அந்த வண்டியில் என்ன இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். புது வண்டியின் தேய்மானத்தை வேறு யாரோ கட்டி முடித்துவிட்ட, பராமரித்த, சின்ன வண்டியை வாங்கி இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, பெரிய நஷ்டமில்லாமல் விற்றுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குப் பேர் ஊதாரித்தனம் இல்லை.

நாலே கேள்வி கேளுங்கள். புதிதாக இருந்தபோது என்ன விலை? எந்த வருட மாடல்? இன்ஷூரன்ஸ் எவ்வளவு? மெக்கானிக் என்ன சொன்னார்? நாலுக்கும் பதில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்ததுமே பாக்ஸ்டரும் ஆர்எக்ஸ்-8-ம் பட்டியலிலிருந்து தாமாகவே இறங்கிப் போய்விடும். எங்கள் வீட்டில் போய்விட்டன.